மிஸ்டு கால் பட்டியல்

செந்தமிழ்செல்வனுக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் டிசைன் பேட்டர்ன் எதையாவது எடுத்துக்கொண்டு, சின்ன புரோகிராம் ஒன்றை ஓட்டிக் காட்டி, கம்ப்யூட்டர் சென்டரின் சிதம்பரம் கிளையில் மாலை வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும். நன்றாக நடத்தினால் அந்த வகுப்புக்கு அவன்தான் ஆசிரியர். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் சிப்காட் கம்பெனி ஸ்டோர்ஸில் புது கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். புது கான்ட்ராக்டில் ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். அப்புறம் மாலை வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அது 2009, ஆகஸ்ட் மாதக் கடைசி. அவனுக்கு இருபத்து நாலு வயது. ஊர் மேல்பட்டாம்பாக்கம். இரண்டு வருஷமாகக் காலை எட்டு முதல் நாலரை வரை ஸ்டோர்ஸில் டிரம் எண்ணிவிட்டு, ஆறரைக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா படித்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டை எடுப்பான். இடது பக்கத்தில் அன்றைக்குப் புரிந்தது. வலது பக்கத்தில், புரிந்த மாதிரி இருந்து, யோசிக்கப்போய் புரியாமல் ஆனது. வலது பக்கம்தான் முதலில் நிறையும். நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் இடது பக்கத்திலிருந்தும் இரண்டு வரி அடிபட்டு வலது பக்கத்துக்குக் குடிபோய்விடும்.

“நீ பரிட்சையில பாஸானாலும், திருத்துனவரு தப்பா கூட்டிட்டாருன்னு சொல்லுவ மச்சான்” என்பான் சிவசங்கர். அவனும் அதே வகுப்புதான். சோனாங்குப்பத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். தாய்மாமனிடம் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது.

செல்வன் எடுத்துக்கொண்ட பேட்டர்னுக்கு அப்சர்வர் என்று பெயர். டிசைன் பேட்டர்ன் என்றால் பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரே மாதிரி சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. அதை அவிழ்க்கப் பழகிய வழிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்சர்வர் அவிழ்க்கிற சிக்கல் இது: ஓரிடத்தில் ஏதோ நடக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாலு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிச் சேதி சொல்வது?

புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் அவனுக்கே ஒட்டவில்லை. மூன்று நாள் யோசித்து, துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பிடித்தான். கூண்டு ஏறினால் படகுகள் கடலுக்குப் போகாது. சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். தனக்கு இவ்வளவு நல்ல யோசனை வராதே என்ற சந்தேகத்தோடு, டீக்கடையில் அதை சிவசங்கரிடம் சொன்னான்.

“கூண்டு ஏத்துனா யாருக்குத் தெரியும்?” என்று கேட்டான் சிவசங்கர்.

“எல்லாருக்கும்.”

“எப்படி? கூண்டு எறங்கி வந்து எங்க வீட்டுக் கதவத் தட்டுமா? நாங்கதான் போயி அண்ணாந்து பாக்கணும். நான் பாக்கலன்னா கூண்டுக்கு என்னா வந்துச்சு?”

செல்வன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். இவன் சொல்வது சரி. அப்சர்வரில் சேதி சொல்கிற இடத்தில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். யார் யாருக்குச் சொல்லவேண்டுமோ அவர்கள் முன்கூட்டியே பேர் கொடுத்திருக்க வேண்டும். கூண்டிடம் பட்டியல் ஏது?

“மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிக்கிற? எங்க மாமா போட்டுக்கு வா. அங்க லிஸ்ட் இருக்குது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வன் முதுநகர் துறைமுகத்துக்குப் போனான். சிவசங்கரின் மாமா படகில், ஸ்டியரிங் பக்கத்துப் பலகையில் ஒரு அட்டை ஆணியடித்து மாட்டியிருந்தது. அதில் பேர்களும் செல்போன் நம்பர்களும். படகு திரும்பும்போது, கரையிலுள்ள கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்தால் போனில் சிக்னல் வந்துவிடும். உடனே படகிலிருந்து ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவார்கள். மிஸ்டு கால். அதைப் பார்த்து ஐஸ்காரர் சிங்காரம் ஐஸை உடைக்க ஆரம்பிப்பார். லோடு ஆட்டோ ஜெயசீலன் வண்டியை எடுப்பார். சிவசங்கரின் அம்மா தங்கம்மாளும் சித்தி ரத்தினம்மாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். யாரும் போனை எடுத்துப் பேசிவிடக் கூடாது. எடுத்துவிட்டால் படகுக்காரருடைய காசு போகும். எடுத்தவரை அன்று பூராவும் கிண்டல் பண்ணித் தீர்த்துவிடுவார்கள்.

வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். திரும்ப இரண்டு மிஸ்டு கால் கொடுத்தால், ‘இன்றைக்கு என் பேரை அடித்துவிடு’ என்று அர்த்தம். சிங்காரம் பெரும்பாலும் அதைச் செய்வார். முதல் சேதி வந்ததும் அவருடைய ஐஸ் முழுக்க அந்தப் படகுக்கே சரியாகிவிடும். மறுபடி கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

செல்வன் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு நின்றான். தங்கம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னா தம்பி, மீனு வாங்க வந்தியா, சர்வே எடுக்க வந்தியா?”

“கம்ப்யூட்டர்ல உங்கள வச்சுதான்மா ஒரு பாடம் எடுக்கப்போறேன்.”

“எங்களயா? அதுல எங்க கூடையாச்சும் கொஞ்சம் லேசா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து ஒழுங்காக உட்கார்ந்தான். படகு ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமில் தனக்கென்று வேலை உள்ள ஒரு துண்டு. பேர் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு வேலை: மிஸ்டு கால் வந்தால் என்ன செய்வது என்பது. அந்த வேலையை ஒவ்வொருவரும் தங்களுக்கு ஏற்றபடி செய்துகொள்வார்கள். படகுக்கு அது தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு யோசித்தாலும் இதில் வலது பக்கத்துக்குப் போக ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவனுக்கு உறுத்தலாக இருந்தது. சேதி சொல்கிற இடத்தை இப்படி எழுதினான்:

for (int i = 0; i < list.size(); i++) {
    list.get(i).missedCall();
}

பட்டியலில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடமாகப் போ, அங்கே இருப்பவருக்கு ஒரு ரிங் விடு என்பதுதான் அந்த மூன்று வரி. சிங்காரத்துக்கு மட்டும், சேதி வந்ததும் தன் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி ஒரு வரி சேர்த்தான். துறைமுகத்தில் பார்த்ததில் எதையும் விட்டுவிட அவனுக்கு மனசில்லை. மஞ்சக்குப்பம் சென்டரில் ஏழு தடவை ஓட்டிப் பார்த்தான். தங்கம்மாள், ரத்தினம்மாள், ஜெயசீலன், சிங்காரம். ஏழு தடவையும் நாலு வரி சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினான். சென்டர் மேல வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாடியில் இருந்தது. இரண்டு ஊர் சென்டருக்கும் நடனசபாபதிதான் முதலாளி. ஐம்பது வயது, கையில் எப்போதும் ஒரு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டே பேசுவார். வகுப்பில் பதினாலு பேர். அவர்களுக்கு அவர் ஏற்கெனவே துண்டுக் காகிதம் கொடுத்திருந்தார். பாடம் முடிந்ததும், என்ன புரிந்தது என்று இரண்டு வரி எழுதித் தர வேண்டும். பேர் எழுத வேண்டாம்.

முதலில் ஸ்ரீமதி நடத்தினாள். அந்த ஒரு வேலைக்கு வந்திருந்த இன்னொருத்தி. எம்.சி.ஏ. படித்தவள். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழ, மூன்று பேட்டர்னை இருபத்து நாலு நிமிடத்தில் முடித்தாள். மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர் போல, புரோகிராம் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதற்கு சிங்கிள்டன். எந்த சாக்கெட்டிலும் எந்த பிளக்கையும் சேர்த்துவைக்கிற அடாப்டர். இன்னும் ஒன்று. அவள் போர்டில் எழுதிய எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வன், இவளுக்கே கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டான்.

“செந்தமிழ்செல்வன், வாங்க” என்றார் நடனசபாபதி.

அவன் படகைப் பற்றிச் சொன்னான். மிஸ்டு கால் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் மிஸ்டு காலை நம்பியே வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கீழே இறங்கி வா என்று ஆளுக்கொரு கணக்கு இருந்தது.

“சரி, யாரு யாரு பேரு கொடுக்கிறாங்க? நீங்களே சொல்லுங்க, நான் அந்த வரிசையில சேத்துக்கிறேன்” என்றான். பாடத்தில் வகுப்பையும் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தான்.

“ஆட்டோக்காரரு.”

“ஐஸு.”

“அந்தக் கூடைக்கார அம்மா. அவுங்க தங்கச்சியும்.”

ஜெயசீலன், சிங்காரம், தங்கம்மாள், ரத்தினம்மாள். நாலு பேரையும் அதே வரிசையில் டைப் அடித்தான். படகு வந்தது என்று ஒரு வரி. ஓட்டினான்.

‘ஜெயசீலன்: வண்டி எடுத்தாச்சு.’ ‘சிங்காரம்: ஐஸ் ரெடி, என் பேரை எடுத்துடு.’ ‘ரத்தினம்மாள்: கூடையோட வர்றேன்.’ தமிழில் பேசுவதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். சுவரில் தெளிவாகவே தெரிந்தது. அதோடு நின்றுவிட்டது.

செல்வன் கீழே பார்த்தான், மேலே பார்த்தான். மூன்று வரிதான்.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். சரண்யா என்று பின்னால் தெரிந்துகொண்டான். “சார், அக்காவுக்கு வரலியே?”

“என்னாது?”

“தங்கம்மாளுக்கு வரல. தங்கச்சிக்கு வந்துடுச்சு.”

“அக்கா தங்கச்சி சண்டையா இருக்கும்” என்று பின்னால் ஒருவன் சொல்ல, வகுப்பு சிரித்தது. செல்வன் மறுபடி ஓட்டினான். மறுபடியும் மூன்று வரி. பிழை என்று கம்ப்யூட்டர் எதையும் சொல்லவில்லை. எல்லாம் சரியாக நடந்த மாதிரி அமைதியாக நின்றது. ஏழு தடவை வந்தது எட்டாவது தடவை ஏன் வரவில்லை? நடனசபாபதி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

‘சிஸ்டத்தில் ஏதோ கோளாறு’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் கோளாறு சிஸ்டத்தில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தப்பு என்று ஒன்று இருந்தால் அது தன்னிடம்தான் இருக்கும் என்று நம்பிப் பழகியவன்.

“எனக்கும் தெரியல” என்றான். “தேடிப் பாக்கலாம். நாலு பேரு முன்னால வாங்க.”

நாலு பேர் வந்து வரிசையாக நின்றார்கள். முதலில் ஜெயசீலன், அப்புறம் சிங்காரம். தங்கம்மாள் இடத்துக்கு வந்தவனுக்கு அடர்த்தியான மீசை.

“தங்கம்மாளுக்கு மீசை நல்லா இருக்குதுடா.”

“உங்க அம்மாவுக்கு இத விட பெருசுடா.”

“அமைதி” என்றார் நடனசபாபதி.

செல்வன் தரையில் சாக்பீஸால் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்கள் காலடியில் எழுதினான். ஜாவாவில் எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கும். “நான்தான் படகு. ஒவ்வொரு நம்பரா போறேன். பூஜ்யம். ஜெயசீலன், ரிங். ஒண்ணு. சிங்காரம், ரிங். சிங்காரம் இப்ப என்னா செய்வாரு?”

“பேர எடுத்துடுன்னு சொல்லுவாரு.”

“அப்ப நீங்க போயி உக்காருங்க.”

சிங்காரமாக நின்றவன் போய் உட்கார்ந்தான். வரிசையில் ஒன்று என்ற இடம் காலியாக இருந்தது. செல்வன் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். படகில் மாட்டியிருந்த அட்டையில் இப்படித்தான் இருக்கும். பேரை அடித்தால் ஒரு கோடு விழும். கோட்டுக்குக் கீழே இருக்கிற பேர் மேலே ஏறி வராது. அவன் அட்டையைப் பார்த்து எழுதிய புரோகிராம் இது. ஆனால் ஜாவாவின் பட்டியல் அட்டை இல்லை.

“இல்ல” என்றான் மெதுவாக. “காலி இடம் இருக்காது. ரெண்டு பேரும் ஒரு எடம் முன்னால வந்து நில்லுங்க.”

மீசைக்காரன் இரண்டிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்தான். ரத்தினம்மாள் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தாள்.

“நான் ஒண்ணுல இருந்தவருக்கு ரிங் விட்டுட்டேன். அடுத்து எங்க போவேன்?”

“ரெண்டு” என்றார்கள் பலபேர்.

“ரெண்டுல யாரு நிக்கிறாங்க?”

வகுப்பு பார்த்தது. ரத்தினம்மாள் நின்றாள். தங்கம்மாள், ரிங் விட்டு முடித்த இடத்தில், யாரும் திரும்பி வராத ஒன்றாம் நம்பரில் மீசையோடு நின்றுகொண்டிருந்தான்.

“அடப்பாவி” என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

“நேத்து வரைக்கும் சிங்காரத்த கடைசியில வச்சு ஓட்டிப் பாத்தேன். அவருக்குப் பின்னால யாரும் இல்ல, அதனால யாரும் விடுபடல. இன்னைக்கு நீங்க அவர நடுவுல போட்டீங்க, தப்பு வெளிய வந்துடுச்சு” என்றான் செல்வன். சொன்ன பிறகுதான், தான் சோதித்துப் பார்த்த லட்சணத்தைத் தானே போட்டு உடைத்துவிட்டோம் என்று உறைத்தது.

திருத்துவதற்கு ஒரு வரிதான் வேண்டியிருந்தது. ரிங் விட ஆரம்பிக்கும் முன் பட்டியலை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். ரிங் விடுவது நகலைப் பார்த்து. பேரை எடுப்பது அசலில். அடித்து ஓட்டினான். நாலு வரி வந்தது. மீசைக்காரன் கும்பிடு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

சரண்யா மறுபடி கையைத் தூக்கினாள். “சார், நகல பாத்து போன் பண்ணா வேற தப்பு வருமே. ஜெயசீலன் நடுவுல ‘ரத்தினம்மாளுக்கு உடம்பு சரியில்ல, அவுங்க பேரையும் எடுத்துடு’ன்னு சொன்னாருன்னு வைங்க. நகல்ல அவுங்க பேரு இருக்கும். படுத்துக்கிட்டு இருக்கிறவுங்களுக்கும் ரிங் போகும்.”

செல்வன் யோசித்தான். “போகும்” என்றான். “நீங்க சொல்றது சரி. ரெண்டுல எத பொறுத்துக்கலாம்னு நாமதான் முடிவு பண்ணணும். ஒரு ரிங் ஜாஸ்தியா போனா, பாத்துட்டு திரும்பிப் படுத்துக்குவாங்க. ரிங் போகலன்னா ஒரு அம்மா கூடையோட வீட்டுலயே உக்காந்திருப்பாங்க, போட்டு கரைக்கு வந்து மீனு முடிஞ்சே போயிருக்கும். இந்த எடத்துல நான் நகலத்தான் எடுப்பேன். வேற எடத்துல வேற மாதிரி இருக்கலாம். அதுக்கு எனக்கு இப்ப பதில் தெரியல.”

“டைம்” என்றார் நடனசபாபதி.

அவனும் ஸ்ரீமதியும் வெளியே வராந்தாவில் காத்திருந்தார்கள். கீழே வீதியில் பூக்கடைகளும் சைக்கிள்களும். உள்ளே காகிதங்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நானா இருந்தா அழுதிருப்பேன்” என்றாள் ஸ்ரீமதி.

“உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டுதான் இருந்தேன்.”

“தெரியல. நீங்க பாட்டுக்கு சாக்பீஸ் எடுத்து எழுதிக்கிட்டிருந்தீங்க.” பிறகு, “அந்த மூணு வரி லூப்பை நானும் அப்படித்தான் எழுதுவேன் சார்” என்றாள்.

நடனசபாபதி இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு அடுக்காகக் காகிதங்கள் இருந்தன. சுற்றி வளைக்காமல் பேசினார்.

“உங்க கிளாஸ் சுத்தமா இருந்துச்சும்மா. ஒரு குறை சொல்ல முடியாது. பதினாலு பேரும் போர்டுல நீங்க எழுதுன வரியத்தான் எழுதியிருக்காங்க. வார்த்தை மாறல.” அடுத்த அடுக்கை எடுத்துக்கொண்டு செல்வன் பக்கம் திரும்பினார். “நீங்க ஒரே பேட்டர்ன்தான் நடத்துனீங்க. அதுலயும் தப்பு. சோதிச்சது பத்தல, அத நீங்களே சொல்லிட்டீங்க. ஆனா இதுல ஒம்போது பேரு, நகல் எதுக்கு எடுக்கணும்னு அவுங்க வார்த்தையில எழுதியிருக்காங்க. ஒருத்தன் ஜாவாவே பேசல, ரேஷன் கடை வரிசைய வச்சு எழுதியிருக்கான். ஈவ்னிங் பேட்சுக்கு இந்த ஒம்போது பேரையும் இப்படி எழுத வெச்சவருதான் எனக்கு வேணும்.”

ஸ்ரீமதி தலையசைத்தாள். அவள் முகம் ஒரு நிமிடம் சுருங்கி, பிறகு சரியானது. “டே பேட்ச் எப்பவாவது போட்டா சொல்லுங்க சார்” என்று நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

“திங்கக்கிழமை ஆறரைக்கு. கடலூர்லேந்து வர்றீங்க, பஸ் லேட்டுன்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன் சார்.” திங்கட்கிழமை காலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒரு வாக்கியம் உருள ஆரம்பித்தது. கையெழுத்துப் போடப்போவதில்லை. அதைச் சொல்ல எவ்வளவு நீளமான வாக்கியம் வேண்டும்?

அவன் எழுந்திருக்கவில்லை. “சார், மீதி அஞ்சு பேரு?”

“எந்த அஞ்சு பேரு?”

“ஒம்போது போக.”

“அவுங்களுக்குப் புரியல. எல்லா வகுப்புலயும் இருக்கிறதுதான்.”

“யாருன்னு தெரியுமா?”

“பேரு எழுத வேணாம்னு நான்தானே சொன்னேன்” என்ற நடனசபாபதி, அவனைப் பார்த்துவிட்டு, ஐந்து காகிதங்களையும் பிரித்தெடுத்து நீட்டினார். “எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு வேணாம்.”

செல்வன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். ஒன்றில் மீசை படம் மட்டும் போட்டிருந்தது. ஒன்றில், ‘சார் சொன்னது புரிந்தது, ஆனால் யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது’ என்று இருந்தது. அதை இரண்டு தடவை படித்தான். கடலூர் பஸ் ஒன்று கீழே ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பியது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவன் மூன்றாவது காகிதத்தைப் பிரித்தான்.